மலையேறும் சைக்கிளுக்கு எதை முதலில் வாங்குவது?

கேள்வி: கூடாரம், உணவு, உடை எல்லாவற்றையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு, நண்பர்கள் மூவர் ஐந்து நாள் மலைப்பயணம் போகவிருக்கிறோம். பாதை பெரும்பாலும் கல்லும் மண்ணும். இத்தகைய பயணத்துக்கென்றே விற்கும் பைகளை மூவரும் முழுத் தொகுப்பாக வாங்கினால் கையிலுள்ள பணம் தீர்ந்துவிடும். வாங்கலாமா?

பதில்: முழுத் தொகுப்பு வேண்டாம். பையில் குறை இருந்தால் கயிற்றால் கட்டிச் சமாளித்துவிடலாம். கியரிலும் பிரேக்கிலும் அப்படிச் சமாளிக்க முடியாது.

பெடலோடு சுழலும் பல்சக்கரத்தில் 32 பற்களும், பின்சக்கரத்தின் மிகப் பெரிய பல்சக்கரத்தில் 34 பற்களும் இருந்தால், 29 அங்குலச் சக்கரமுள்ள சைக்கிள் பெடலின் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் நகரும். பின்னால் 51 பற்கள் இருந்தால் 1.4 மீட்டர்தான் நகரும். சமதளத்தில் பொருட்படுத்தத் தேவையில்லாத இந்த வேறுபாடு, சுமையோடு ஏறும்போது, ஓட்டுவதா இறங்கித் தள்ளுவதா என்பதையே தீர்மானித்துவிடும். பின்பக்கப் பல்சக்கரத் தொகுதியை மாற்றுவது பெரிய செலவு என்பதால், முன்னால் 28 பற்கள் உள்ள சக்கரம் பெடலைத் தாங்கும் உங்கள் கிராங்கில் பொருந்துமா என்று மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்கள். பொருந்தினால் மிதிப்பதற்கான பலத்தில் எட்டில் ஒரு பங்கு குறையும்.

பிரேக் பேடுகளில் ரெசின் என்றும் அழைக்கப்படும் ஆர்கானிக் வகை சத்தமின்றி இருந்தாலும் ஈர மண்ணில் விரைவில் தேயும். மெட்டல் வகை நீண்ட இறக்கத்தின் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் பேடுகள் கவ்விப் பிடிக்கும் தகடான டிஸ்க்குகளில், விலை குறைந்த சிலவற்றில் 'ரெசின் பேட் மட்டும்' என்று சிறிய எழுத்தில் பொறித்திருப்பார்கள். அவற்றில் மெட்டல் பேடைப் போட்டால் டிஸ்க்கே தேய்ந்துபோகும். கடைக்காரர் சொல்லாவிட்டாலும் நீங்கள் குனிந்து பார்த்துவிடுங்கள்.

பம்பு, அடுப்பு, கருவிகள் ஆகியவை மூவருக்கும் ஒன்று போதும். ஆனால் பின்கியரைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர் என்ற சிறு உலோகத் துண்டைப் பொதுவில் வைக்க இயலாது. சைக்கிள் சாய்ந்து விழுந்தால் சட்டத்தைக் காப்பதற்காகத் தானே வளைவது அது. மாடலுக்கு மாடல் வடிவம் மாறும் என்பதால் ஆளுக்கொன்று வாங்குங்கள்.

பைகளில், சட்டத்தின் நடுவே மாட்டும் பைக்கு மட்டும் பணம் கொடுக்கலாம். கனமான பொருள்கள் அங்கே இருந்தால் வண்டி தள்ளாடாது. அட்டையைச் சட்டத்தின் நடுவே உள்ள முக்கோண இடைவெளியின் அளவுக்கு வெட்டிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஹேண்டில்பாருக்கு வாயைச் சுருட்டி மூடும், நீர்புகாத சாதாரணப் பையும் இரண்டு பட்டைகளும் போதும்.

சீட்டுக்குப் பின்னால் தொங்கும் பையை மட்டும், உயரம் குறைந்தவரின் சைக்கிளில், துணிகளைத் திணித்துக் கடையிலேயே மாட்டிப் பாருங்கள். ஆள் உட்கார்ந்ததும் பையின் அடிப்பகுதி டயரைத் தொடுகிறதா என்று இன்னொருவர் பின்னால் நின்று கவனிக்க வேண்டும். பின் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளானால் அது முழுவதும் அமுங்கும்போதும் இடைவெளி மிஞ்ச வேண்டும். விலைச்சீட்டைக் கிழிப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.