சேனல் ஒன்றுதான், விளக்கும் எரிகிறது, வாக்கிடாக்கியில் குரல் மட்டும் வரவில்லை

இரண்டு செட்டிலும் டோன் குறியீட்டை 0, அதாவது டோன் இல்லை, என்று வையுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

இரண்டிலும் சேனல் 5, பேசும்போது மற்றதில் விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை என்கிறீர்கள். விளக்கு எரிந்தாலே அலை வந்து சேர்கிறது என்று பொருள். பேசும் செட் குரலோடு ஒரு தாழ்ந்த டோனையும் அனுப்பும். கேட்கும் செட் வேறு டோனுக்குக் காத்திருந்தால் ஸ்பீக்கரைத் திறக்காது. திரையில் சேனலுக்குப் பக்கத்தில் சின்னதாகத் தெரியும் எண்தான் அந்தக் குறியீடு.

உறுதி செய்ய, கேட்கும் செட்டில் மானிட்டர் பட்டனை (டோன் பார்க்காமல் ஸ்பீக்கரைத் திறப்பது) அழுத்திப் பிடித்தபடி மற்றவரைப் பேசச் சொல்லுங்கள். குரல் வந்தால் டோன்தான் கோளாறு. சோதிக்கும்போது பத்தடியாவது தள்ளி நில்லுங்கள்.

அப்புறம், கானாடுகாத்தான் வீட்டில் அறுபதாம் கல்யாணத்துக்கு என்று எழுதியிருந்தீர்கள். முகப்பிலிருந்து பின்கட்டு அடுப்படி வரை எத்தனை தடித்த சுவர்! உள்ளறையில் நின்று பேசாமல் வளவு வாசலுக்கு, அதாவது நடு முற்றத்துக்கு வந்து, செட்டை நிமிர்த்திப் பிடித்து, பட்டனை அழுத்தி ஒரு நொடி விட்டுப் பேசுங்கள். திறந்த முற்றம் அலைக்கு நல்ல வழி.

ஒன்று கவனம்: குறியீடு போட்டாலும் பேச்சு ரகசியம் ஆகாது. அதே சேனலில் யாரும் கேட்கலாம், நகை, பணம் பற்றிப் பேச வேண்டாம்.

எட்டவில்லை என்று 5 வாட் செட் வாங்கிவிடாதீர்கள். இந்தச் செட்டுகள் இயங்கும் 446.0–446.2 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் உரிமம் இல்லாமல் அரை வாட் வரைதான் அனுமதி.