கேமரா ட்ரோனில் வாயு சென்சார்: எஸ்டிகே எதுவரை கைகொடுக்கும்?

கேள்வி: என்னிடம் 249 கிராம் எடையுள்ள சிறிய கேமரா ட்ரோன் இருக்கிறது. அதில் மீத்தேன் சென்சார் பொருத்தி, குப்பைக் கிடங்கின் மேல் தானாகப் பறக்கவிட்டு, அளவுகளை உடனுக்குடன் கீழே திரையில் பார்க்க வேண்டும். எஸ்டிகே (SDK, ட்ரோனுக்கு நாமே புரோகிராம் எழுத நிறுவனம் தரும் கருவித்தொகுப்பு) இருந்தால் எல்லாம் முடியும் என்கிறார்கள். ஓரளவு புரோகிராமிங் தெரியும். எங்கே தொடங்குவது?

பதில்: முடியும், ஆனால் இந்த ட்ரோனில் வேண்டாம். பல நாடுகளில் 250 கிராம்தான் விதிகளின் எல்லைக்கோடு. ஒரு சின்ன போர்டை ஒட்டினாலே அதைத் தாண்டிவிடுவீர்கள். அதைவிட முக்கியம், இந்த வகை ட்ரோன்களில் வெளிச் சாதனத்துக்கு மின்சாரமோ தரவு இணைப்போ தரும் போர்ட் கிடையாது.

எஸ்டிகே என்ற பெயரில் வெவ்வேறு பொருட்கள் உலவுவதால்தான் இந்தக் குழப்பம். ட்ரோன் நிறுவனமான டிஜேஐயை எடுத்துக்கொள்வோம். அதன் மொபைல் எஸ்டிகே உங்கள் போனிலோ ரிமோட்டிலோ ஓடும் ஆப்பை எழுதுவதற்கானது. 5ஆம் பதிப்பு ஆண்ட்ராய்டுக்கு மட்டும். ட்ரோனையும் கேமராவையும் அது இயக்கும், நீங்கள் ஒட்டிய சென்சார் அதன் கண்ணில் படாது. சென்சாரை ட்ரோனோடு பேச வைப்பது பேலோட் எஸ்டிகே. இதற்கு மேட்ரிஸ் 350, மேவிக் 3 எண்டர்பிரைஸ் போன்ற தொழில்முறை மாடல்கள் வேண்டும், சி மொழியும் வேண்டும். ட்ரோனில் ஏற்றிய கணினியிலிருந்து ட்ரோனை இயக்குவதற்கான ஆன்போர்டு எஸ்டிகே என்று இணையத்தில் பழைய புரோகிராம் கோடு (code) நிறையக் கிடைக்கும். அதில் இறங்க வேண்டாம். அந்த வேலை பேலோட் எஸ்டிகேவின் 3ஆம் பதிப்போடு சேர்ந்துவிட்டது.

மேவிக் 3 எண்டர்பிரைஸின் எடை 915 கிராம், தன் எடையும் சேர்த்து அது தூக்கக்கூடிய மொத்த எடை 1050 கிராம். மிச்சம் 135 கிராம். சென்சார், போர்டு, ஒயர், பிராக்கெட் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

சரி, சென்சாரை ட்ரோனோடு இணைத்தே ஆக வேண்டுமா? பெரும்பாலும் தேவையில்லை என்பேன். சென்சாருக்குத் தனியாக ஒரு மைக்ரோகண்ட்ரோலர் (ஒரே சிப்பில் அடங்கும் குட்டிக் கணினி), ஜிபிஎஸ், மெமரி கார்டு, சிறு பேட்டரி கொடுங்கள். உடனே பார்க்க வேண்டுமென்றால், குறைந்த மின்சாரத்தில் சிறு தரவைத் தொலைதூரம் அனுப்பும் லோரா ரேடியோ போதும். நொடிக்கு ஒரு எண்ணை அனுப்ப அதற்கு மேல் எதற்கு? ட்ரோன் மாடல் மாறினாலும் இந்தப் பெட்டி அப்படியே உதவும். இறங்கியபின் பறப்புப் பதிவையும் சென்சார் பதிவையும் நேரத்தை வைத்துச் சேர்க்கலாம். இங்கே ஒரு பொறி: ஜிபிஎஸ் நேரம் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தைவிட 18 நொடி முந்தியது. ஒரு பதிவு இதிலும் இன்னொன்று அதிலும் இருந்தால், நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் உங்கள் கசிவு வரைபடத்தில் 90 மீட்டர் தள்ளி விழும்.

நீங்கள் கேட்காத, ஆனால் உண்மையில் கடினமான விஷயம் சென்சார்தான். சாதாரணக் காற்றிலேயே மீத்தேன் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவில் இருக்கிறது. மலிவான எம்க்யூ-4 சென்சார் சில நூறு பிபிஎம் வந்தால்தான் நம்பகமாக அசையும். போதாக்குறைக்கு, ப்ரொப்பெல்லர் கீழே தள்ளும் காற்று வாயுவைக் கலைத்துவிடும். காற்றை உறிஞ்சும் சென்சார் என்றால் அதன் குழாயை ப்ரொப்பெல்லர் வட்டத்துக்கு வெளியே நீட்டி, மெதுவாகப் பறக்க வேண்டும். அளவு ஏறி நிலைக்கவே அதற்குப் பல நொடிகள் ஆகலாம். கீழ்நோக்கி லேசர் பாய்ச்சி அளக்கும் வகைக்கு இந்தத் தொல்லை குறைவு, விலை மிக அதிகம்.

தானாகப் பறக்க வேபாயிண்ட் மிஷனே (வரைபடத்தில் முன்கூட்டியே குறித்த புள்ளிகள் வழியாகப் பறப்பது) போதும், அதற்கு எஸ்டிகேகூட வேண்டாம். தொழில்முறை மாடல்களோடு வரும் ஆப்பிலேயே இருக்கிறது. ரிமோட்டின் ஸ்டிக்கை அசைப்பதுபோல ஆப்பே கட்டளை அனுப்பும் விர்ச்சுவல் ஸ்டிக் வழியாக, நீங்கள் எழுதிய புரோகிராமால் ஓட்டும் ஆசை வரும். அதில் நொடிக்கு 5 முதல் 25 முறை கட்டளை போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஆப் உறைந்தால் கட்டளையும் நின்றுபோகும். வேபாயிண்ட் மிஷன் ட்ரோனுக்குள்ளேயே ஏறி ஓடுவது.

எல்லாவற்றையும் நீங்களே எழுத விரும்பினால் பிக்ஸ்ஹாக் என்ற பறப்புக் கட்டுப்பாட்டு போர்டில் ஓடும் ஆர்டுபைலட் அல்லது பிஎக்ஸ்4 என்ற திறந்த மென்பொருள் பக்கம் வாருங்கள். ட்ரோன்கள் செய்தி பரிமாறும் மேவ்லிங்க் மொழியில், ராஸ்ப்பெர்ரி பை என்ற சிறு கணினியிலிருந்து பைத்தானிலேயே பேசலாம், கணினியில் சிமுலேட்டரில் முழுப் பறப்பையும் ஒத்திகை பார்க்கலாம். இரண்டு எச்சரிக்கை மட்டும்: ராஸ்ப்பெர்ரி பைக்கு மின்சாரத்தை பிக்ஸ்ஹாக்கின் டெலிமெட்ரி (தரவு அனுப்பும்) போர்ட்டிலிருந்து எடுக்காதீர்கள், தனி ரெகுலேட்டர் வையுங்கள். யூஎஸ்பி 3 ஒயரை ஜிபிஎஸ் ஆண்டெனா அருகில் விடாதீர்கள், அதன் இரைச்சலில் சாட்டிலைட் எண்ணிக்கை சரிந்துவிடும்.

எந்த வழியில் போனாலும் முதல் பறப்பில் சென்சார் வேண்டாம். அதே எடைக்கு ஒரு டம்மியை அதே இடத்தில் கட்டி, கீழ்நோக்கிய கேமராக்களை அது மறைக்கவில்லையா என்று பார்த்து, தாழ்வான உயரத்தில் நிறுத்தி வையுங்கள். ட்ரோன் ஒரு பக்கமாக இழுக்கிறதா, பறக்கும் நேரம் எவ்வளவு குறைகிறது, இறக்கியபின் மோட்டார் சுடுகிறதா என்று குறித்துக்கொண்டு அப்புறம் சென்சாருக்குப் பணம் கட்டுங்கள்.