இடி, ஹை வோல்டேஜ்னு டிவி ஃப்ரிட்ஜ் போகுதா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

மாங்கா சீசன் வந்தாச்சு, சாயங்காலம் ஆனா இடியும் காத்தும்தான். கிருஷ்ணகிரி பக்கம் வீட்டு வயரிங் வேலை பாக்குறவன் நான், கேளுங்க.

பாலக்கோடு அக்கா: மழைன்னா டிவி சுவிட்ச ஆஃப் பண்ணிடுவேன் தம்பி, அப்படியும் செட்டாப் பாக்ஸோட போயிடுச்சே?

சுவிட்சு ஒரு வயரத்தான்க்கா கட் பண்ணும், நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற வயர்) ஒட்டிட்டேதான் இருக்கும், அதில்லாம டிஷ் கேபிள் வழியாவும் இடி இறங்கும். பிளக்கு, கேபிள் ரெண்டையும் கழட்டிடுங்க, ஆனா வானம் கறுக்கும்போதே. இடி ஆரம்பிச்சப்புறம் கை வைக்காதீங்க, டிவி போனா வாங்கிக்கலாம்.

ஊத்தங்கரை தம்பி: ஸ்டெபிலைசர் இருக்குண்ணா, பத்தாதா?

பத்தாது. அதுல ரிலே (தானா மாறுற சுவிட்சு) தட்டி மாறவே மில்லி செகண்ட் கணக்குல ஆகும், இடி சர்ஜ், அதாவது திடீர்னு பாயுற வோல்டேஜ், மைக்ரோ செகண்ட்ல வேலைய முடிச்சிட்டு போயிடும். அதுக்கு எம்ஓவி (அந்த அதிக வோல்டேஜ வாங்கிக்கற சின்ன பார்ட்டு) இருக்கற சர்ஜ் புரொடக்டர் வேணும். அதுவும் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமா தேயும், இண்டிகேட்டர் அணைஞ்சா மாத்திடணும். ஸ்பைக் பஸ்டர்னு சீப்பா விக்கிறத சிலத பிரிச்சு பாத்திருக்கேன், வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுதான், உள்ள ஒண்ணுமில்ல.

காவேரிப்பட்டணம்: இடியே இல்லண்ணா, லைட்டெல்லாம் திடீர்னு பளிச்சுனு எரிஞ்சு தெருவுல நாலு வீட்ல ஃப்ரிட்ஜ் காலி!

நியூட்ரல் கட் ஆகியிருக்கும். மூணு ஃபேஸும் தெருவுக்கு வந்து ஆளுக்கொரு ஃபேஸா பிரியுது, எல்லாருக்கும் நியூட்ரல் ஒண்ணு. அது அறுந்தா 230 வர வேண்டிய வீட்டுக்கு 400 பக்கம் கூட ஏறும், லோடு கம்மியா ஓடுற வீடுதான் முதல்ல அடிவாங்கும், பக்கத்து வீட்ல லைட்டு மங்கலா எரியும். இது நிமிஷக்கணக்குல நிக்கற வோல்டேஜ், சர்ஜ் புரொடக்டரே கருகிடும். ஓவர் வோல்டேஜ் கட் ஆஃப் தனியா மெயின்ல போடணும். லைட்டு ஓவரா எரிஞ்சா யோசிக்காம மெயின ஆஃப் பண்ணிட்டு ஈபிக்கு போன் பண்ணுங்க.

பென்னாகரம்: எங்களுது பாறை பூமி, எர்த் குழி மூணடிக்கு மேல போகலங்க, பரவால்லியா?

பரவால்லன்னு சொல்ல மாட்டேன். டிபில (வீட்டு மெயின் பாக்ஸ்ல) எவ்ளோ வெல போட்டு எஸ்பிடி, அதான் சர்ஜ் புரொடக்டர், மாட்டினாலும் சர்ஜ் இறங்கறது அந்தக் குழியிலதான், எர்த் சரியில்லன்னா காசு தண்டம். துணி தொவைக்கிற தண்ணி ஓடுற பக்கமா மண்ணு ஆழமா இருக்கான்னு பாருங்க, இல்லன்னா ரெண்டு மூணு குழி தள்ளித்தள்ளி போட்டு ஒண்ணா இணைக்கச் சொல்லுங்க, கரி உப்பு போட்டு வெயில் காலத்துல தண்ணி ஊத்திட்டே இருக்கணும். போட்டப்புறம் மீட்டர் வச்சு எர்த் சரியா இருக்கான்னு அளக்கச் சொல்லுங்க, அளக்காம காசு குடுக்காதீங்க.

அரூர்: கரண்ட் வந்ததும் ஃப்ரிட்ஜ போடலாமா?

மூணு நிமிஷம் பொறுத்து போடுங்க.