பெட்டியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 58 வயது. டிவி என்றால் உயிர், மெட்டி ஒலி காலத்திலிருந்தே அப்படித்தான். வீட்டில் ரெக்கார்டர் உள்ள செட்டாப் பாக்ஸ் இருக்கிறது. சாயங்காலம் ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை அடுப்படி, மாடு, மாமியார் என்று போய்விடுவதால், தினம் நாலு சீரியலைப் பதிவு செய்துவிட்டு மறுநாள் மத்தியானம் பார்ப்பேன். இப்போது பார்க்காத எபிசோட் மட்டும் 140 சேர்ந்துவிட்டது. இடமில்லை என்று பெட்டி காட்டுகிறது, எனக்கு அழிக்க மனசு வரவில்லை. சென்னையில் இருக்கும் மகன், "எல்லாம் போனில் வருது, அந்த டப்பாவைத் திருப்பிக் கொடும்மா" என்கிறான். வீட்டுக்காரரோ விளம்பரத்தை ஓட்டிவிட்டுப் பார்ப்பது ஏமாற்று வேலை என்கிறார். பல நாள் கடைசி சீன் வேறு பதிவாகாமல் அறுந்துவிடுகிறது. நான் என்ன செய்யட்டும்?
(ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி அருகே)

பதில்: பெட்டியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், அம்மா. ஆனால் அந்த 140-ல் முக்கால்வாசியை இன்றைக்கே அழித்துவிடுங்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அந்தப் பெட்டியால் உங்களுக்குக் கிடைப்பது நேரம். அதைச் சொத்து சேர்க்கும் பீரோவாக நினைத்துவிட்டீர்கள், அங்கேதான் சிக்கல்.

உங்கள் மகன் வயதுக்காரர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. டிவி வந்த நாளிலிருந்து, எது எப்போது ஓட வேண்டும் என்பது நிலையத்தில் இருப்பவர்கள் கையில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் என்றால் வெள்ளிக்கிழமைதான். 1987-ல் ராமாயணம் ஞாயிறு காலை என்றால், அன்றைக்கு நாற்று நட ஆள் வந்திருந்தாலும் ஞாயிறு காலைதான். நான் வேதாரண்யம் பக்கத்தில் வளர்ந்தவன். எங்களுக்கு மெட்ராஸை விட இலங்கைதான் கிட்டே. 1982-ல் ரூபவாஹினி தொடங்கியதும், வசதியுள்ள வீடுகளில் உயரமான இரும்புக் குழாய் நட்டு ஆண்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி வைத்தார்கள். கடல்காற்றில் குழாய் கொஞ்சம் திரும்பினாலும் படம் போய்விடும். ஒருத்தர் ஏறிச் சரிசெய்வதற்குள் நிகழ்ச்சி முடிந்திருக்கும். போனது போனதுதான், மறுபடி பார்க்க வழி கிடையாது.

என் அம்மா டிவியைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். கூடத்தில் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருப்போம், அம்மா கையில் கரண்டியோடு அடுப்படி நிலைப்படியில் நிற்பார், தாளிக்கிற சத்தத்தில் வசனம் கேட்காவிட்டால் "என்னடா சொன்னா?" என்று கேட்டுவிட்டு உள்ளே ஓடுவார். மெட்டி ஒலி ஓடிய 2002 முதல் 2005 வரை இப்படியேதான். அந்தத் தொடரில் வரும் அப்பாவின் ஐந்து பெண்களில் யார் அழுகிறார்கள் என்று குரலை வைத்தே சொல்லிவிடுவார். முகத்தைப் பார்த்து ரசித்த நாட்கள் குறைவு. வீட்டில் அதிகம் வேலை செய்கிறவருக்குத்தான் அந்த மூன்று மணி நேரமும் மறுக்கப்பட்டது என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. உங்கள் கடிதத்தில் "மறுநாள் மத்தியானம்" என்ற இரண்டு சொல்லைப் படித்ததும் எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. அதனால்தான் பெட்டியை விடாதீர்கள் என்கிறேன்.

1999-ல் அமெரிக்காவில் டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் டிவோ, ரீப்ளே டிவி என்ற இரண்டு பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. வீடியோ கேசட்டுக்குப் பதில் உள்ளே கம்ப்யூட்டரில் இருக்கிற மாதிரி ஒரு ஹார்ட் டிஸ்க். நம் நாட்டில் 2008-ல் அதே மாதிரி டாடா ஸ்கை பிளஸ் பெட்டி வந்தது. டிஷ் வழியாக வரும் படம் ஏற்கெனவே டிஜிட்டலாகத்தான் வருகிறது. பெட்டி அதை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் பத்தாவது தடவை போட்டாலும் முதல் தடவை பார்த்த மாதிரியே இருக்கிறது. நேரலையை நிறுத்திவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து பார்க்க முடிவதும் இதனால்தான். நீங்கள் பதிவு போடாவிட்டாலும், ஓடிக்கொண்டிருக்கும் சேனலை அது பின்னால் எழுதிக்கொண்டே இருக்கிறது.

இனி உங்கள் வீட்டுக்காரருக்கு. ஏமாற்று இல்லை, ஐயா. இந்த வழக்கு அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வரை போய் 1984-லேயே முடிந்துவிட்டது. சோனியின் பீட்டாமேக்ஸ் என்ற வீடியோ டெக்குக்கு எதிராக சினிமாக் கம்பெனிகளான யுனிவர்சலும் டிஸ்னியும் தொடுத்த வழக்கு. வீட்டில் ஒருவர் தனக்கு வசதியான நேரத்தில் பார்ப்பதற்காகப் பதிவு செய்துகொள்வது நியாயமான பயன்பாடு என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. குழந்தைகளுக்கு நிகழ்ச்சி நடத்திய பிரெட் ரோஜர்ஸ் அந்த வழக்கில், தன் நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிவு செய்து தங்களுக்குத் தோதான நேரத்தில் பார்ப்பதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று சாட்சி சொன்னார். அது வேறு நாட்டுச் சட்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நியாயம் இங்கேயும் அதுதானே. தவிர, ரெக்கார்டு பட்டனை வைத்து அதற்குக் காசும் வாங்கியவர்கள் பெட்டியைக் கொடுத்த நிறுவனத்தார். உங்கள் மனைவி ஒளித்துவைத்து எதையும் செய்யவில்லை.

நம் நாட்டு விதிப்படி மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். அரை மணி சீரியலுக்கு 6 நிமிடம். நாலு சீரியலுக்கு 24 நிமிடம், வாரத்தில் ஆறு நாள் என்றால் கிட்டத்தட்ட இரண்டரை மணி. டைட்டில் பாட்டையும் "நேற்று நடந்தது" பகுதியையும் சேர்த்தால் இன்னும் கூடும். அந்த இரண்டரை மணியில் உங்கள் மனைவி கொஞ்சம் படுத்து எழுந்திருக்கட்டுமே.

மகனிடம் சண்டை போட வேண்டாம். போனில் வருவது நல்லதுதான், ஒரு எபிசோட் விட்டுப்போனால் அதில் பாருங்கள். ஆனால் அதில் வருவது அவர்கள் வைத்திருக்கும் வரைதான். உரிமம் முடிந்தால் தொடர் காணாமல் போகும், நம்மைக் கேட்க மாட்டார்கள். காசு கட்டாவிட்டால் விளம்பரத்தையும் தாண்ட முடியாது. அப்புறம், உள்ளங்கை அளவுத் திரையில் 58 வயதுக் கண்ணால் தினம் இரண்டு மணி நேரம் பார்க்கச் சொல்வதை யோசித்துத்தான் சொல்கிறாரா என்று கேளுங்கள்.

சரி, ஏன் அழிக்கச் சொல்கிறேன்? அந்தப் பதிவுகள் உங்களுடையவை கிடையாது என்பதால். டிஸ்க்கில் இருப்பது பூட்டுப் போட்ட பதிவு, சாவி அந்தப் பெட்டியோடு சேர்ந்தது. டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டால் திறக்காது, வேறு பெட்டியிலும் ஓடாது. பென் டிரைவில் பதிவு செய்யும் பெட்டிகளும் பெரும்பாலும் இப்படித்தான். 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் அடித்தபோது வேதாரண்யத்தில் என் தங்கை வீட்டு டிஷ் பறந்துவிட்டது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வந்ததும் பெட்டி உயிர் பெறவில்லை. சர்வீஸ் ஆள் வந்தார், புதுப் பெட்டியை மாட்டினார், பழசை எடுத்துக்கொண்டு போனார். தங்கை மகள் பள்ளிப் பிள்ளைகளோடு பாடிய ஒரு நிகழ்ச்சி அந்தப் பழைய பெட்டிக்குள் இருந்தது. எத்தனையோ தடவை போன் செய்தும், பதிவை எடுத்துத் தர வழியில்லை என்பதுதான் பதில். கூரை போன வீட்டில் இதற்கா அழுவது என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். தங்கை இதற்கும்தான் அழுதாள்.

கேசட் மட்டும் என்ன நிலைத்ததா? ஒரு வருடம் திருவையாறு ஆராதனைக்கு அம்மா போயிருந்தார். பஞ்சரத்ன கீர்த்தனையைத் தூர்தர்ஷன் காட்டியபோது, மாமா வீட்டு டெக்கில் மூன்று மணி நேரக் கேசட் போட்டுப் பதிவு செய்தோம். கூட்டத்தில் அம்மா நாலு வினாடி வருவார், தொடையில் தாளம் போட்டுக்கொண்டு. சில வருட ஐப்பசி மழைக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால் நாடா விளிம்பு முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை. காவிரிக்கரை ஈரத்துக்கு நெல் மூட்டையே தாங்காது, நாடா எங்கே தாங்கும்? அந்த நாலு வினாடி போய்விட்டது.

இதனால்தான் எதை வைத்துக்கொள்வது என்று பொறுக்கியெடுங்கள் என்கிறேன். ரசிகர்கள் சேர்த்துவைப்பதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். பிலடெல்பியாவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி முப்பது வருடத்துக்கு மேல், 2012-ல் இறக்கும் வரை, டிவி செய்திகளை இராப்பகலாகப் பதிவு செய்தார். சுமார் 70,000 கேசட்! இன்று அவை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தின் வசம். நிலையங்கள் பத்திரப்படுத்தாத எத்தனையோ அதில்தான் இருக்கின்றன. ராமாயணத்தைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் 2020 மார்ச் ஊரடங்கில் தூர்தர்ஷனால் மறுபடி போட முடிந்தது, மெட்டி ஒலியும் அதே வருடம் சன் டிவியில் திரும்பி வந்தது. காப்பாற்றி வைப்பது நிலையத்தின் கடமை. உங்கள் மத்தியானத்தை அதற்குக் கொடுக்காதீர்கள். 140 எபிசோட், விளம்பரமும் டைட்டில் பாட்டும் நீக்கி 22 நிமிடம் என்றாலும் 51 மணி நேரத்துக்கு மேல். மாமியாருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு உட்காரும் உங்களுக்கு இன்னொரு கடன் எதற்கு?

நாலு சீரியலில் எதை விட்டால் மனசு வலிக்கும் என்று பாருங்கள். அதையும் இன்னொன்றையும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டின் தொடர்பதிவை நிறுத்துங்கள். மூன்று வாரம் பார்க்காமல் கிடந்த எபிசோடை யோசிக்காமல் அழியுங்கள், கதை எப்படியும் அங்கேயேதான் நிற்கும். ஹெச்டி சேனலில் பதிவு செய்கிறீர்களா என்றும் பாருங்கள். அது பல மடங்கு இடம் பிடிக்கும், சாதாரண சேனலுக்கு மாற்றினால் டிஸ்க் மூச்சு விடும். அந்த 140-க்கு நடுவே சொந்தக்காரர் முகமோ நம் ஊர்த் தேரோ கச்சேரியோ இருந்தால் அதை மட்டும் தொடாதீர்கள். போனை ஆடாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, அறையை இருட்டாக்கி, டிவியில் ஓடுவதை அப்படியே படம் பிடித்து இரண்டு இடத்தில் வையுங்கள். தெளிவு குறையும், பரவாயில்லை.

கடைசி சீன் அறுவதற்குக் காரணம், பெட்டி நிகழ்ச்சிப் பட்டியலில் போட்டிருக்கும் நேரத்தை நம்பிப் பதிவை நிறுத்துவது. சேனல் ஐந்து நிமிடம் தாமதமாக ஓடினால் அந்த ஐந்து நிமிடம் போச்சு. பதிவு அமைப்பில் முடிவு நேரத்தைக் கூட்டும் வசதி இருக்கிறதா பாருங்கள், இருந்தால் பத்து நிமிடம் கூட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வரும் நிகழ்ச்சியையும் சேர்த்துப் பதிவு போட்டுவிட்டு, அதன் முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்ததும் அழித்துவிடுங்கள்.