ஸ்டிக்கர் சிவந்தால் வாரண்டி போய்விடுமா?

கேள்வி: வணக்கம் சார். கோத்தகிரி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே டைப்பிங், புத்தகப் பக்க வடிவமைப்பு வேலை செய்கிறேன். போன வருடம் ஊட்டியில் ஒரு கடையில் 58,500 ரூபாய்க்கு லேப்டாப் வாங்கினேன், ஒரு வருட வாரண்டி. ஐந்தாறு மாதத்தில் கூட வந்த சார்ஜர் சூடாகிச் செத்துவிட்டது. வேலை நின்றுவிடக் கூடாதே என்று ஆன்லைனில் வேறு கம்பெனி சார்ஜர் வாங்கிப் போட்டேன். ஐப்பசி மழை சமயத்தில் ஒரு நாள் காலையில் லேப்டாப் ஆன் ஆகவே இல்லை. கோவை சர்வீஸ் சென்டரில் கொடுத்தால், உள்ளே ஸ்டிக்கர் சிவந்திருக்கிறது, தண்ணீர் பட்டிருக்கிறது, வாரண்டி கிடையாது, மதர்போர்டு மாற்ற 34,000 ஆகும் என்கிறார்கள். சத்தியமாக ஒரு சொட்டு தண்ணீர் நான் கொட்டவில்லை. 15 நாளில் எடுக்காவிட்டால் வாடகை போடுவார்களாம். கடைக்காரர் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் இருக்கும் வரியைக் காட்டுகிறார். என் ஃபைல் எல்லாம் அதிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. கேஸ் போட்டால் கோவைக்கும் பெங்களூருக்கும் அலைய வேண்டுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அலைய வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 34ஆம் பிரிவின்படி புகார் கொடுப்பவர் எங்கே குடியிருக்கிறாரோ, எங்கே வேலை பார்க்கிறாரோ அந்த மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 1986ஆம் வருடத்துப் பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. உங்களுக்கு நீலகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், ஊட்டியில். கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தால் என்ன, அவர்கள்தான் மலையேறி வர வேண்டும். வாரண்டி புத்தகத்தில் பொடி எழுத்தில் ‘இன்ன ஊர் நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம்’ என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

இப்போது ஸ்டிக்கர் விஷயம். மலையில் இருந்து எனக்கு வரும் எலக்ட்ரானிக்ஸ் புகார்களில் பாதி இந்தச் சிவப்பு ஸ்டிக்கரில்தான் வந்து நிற்கிறது. லேப்டாப், போன் உள்ளே போர்டுக்குப் பக்கத்தில் சின்ன வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், தண்ணீர் பட்டால் அது சிவப்பாகவோ ரோஸாகவோ மாறும். வெறும் ஈரக்காற்றுக்கு மாறாது, சொட்டு பட்டால்தான் மாறும், அப்படித்தான் செய்திருக்கிறோம் என்று கம்பெனி வாதாடும். அதில் உண்மையும் இருக்கிறது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சொட்டு தண்ணீர் டம்ளரிலிருந்துதான் விழ வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? ராத்திரி முழுக்கக் குளிரில் விறைத்துக் கிடந்த லேப்டாப்பை, காலையில் அடுப்பு எரியும் அறையிலோ ஹீட்டர் ஓடும் அறையிலோ வைத்தால், அறையின் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த உலோகத்தின் மேல் நீராகவே படியும், கண்ணாடி போட்டவர்கள் வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் கண்ணாடி மங்குமே, அதேதான். வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் பகல் முழுக்க மிஸ்ட் இறங்கிக் கிடக்கும்போது இது எந்த வீட்டிலும் நடக்கும்.

ஆக ஸ்டிக்கர் சிவந்தது என்றால் உள்ளே எப்படியோ ஈரம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். எப்போது வந்தது, யாரால் வந்தது, அந்த ஈரத்தால்தான் போர்டு போனதா, இது எதையும் ஸ்டிக்கர் சொல்லாது. டீயோ தண்ணீரோ கொட்டியிருந்தால் பெரும்பாலும் கீபோர்டு வழியாக ஒரு பக்கமாக இறங்கிய தடம் இருக்கும், பிசுபிசுப்போ கறையோ இருக்கும். காற்று ஈரத்தில் அரித்திருந்தால் செம்புப் பகுதிகளில் பரவலாகப் பச்சை பூத்திருக்கும். அவர்கள் பார்த்தது எது? அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான், கேஸ் எல்லாம் அப்புறம். வாயால் சொன்ன காரணத்தை வைத்து ஆணையத்தில் ஒன்றும் செய்ய முடியாது. இன்றே சர்வீஸ் சென்டருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கும் ஒரே மின்னஞ்சலாக எழுதுங்கள்: என் லேப்டாப்பின் சீரியல் எண் இது, ஜாப் ஷீட் (லேப்டாப்பை வாங்கி வைத்தபோது தந்த சீட்டு) எண் இது, வாரண்டி மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் தரவும், ஸ்டிக்கர் மட்டுமல்லாமல் போர்டின் இருபக்கப் படங்களையும் அனுப்பவும், எந்தப் பாகம் செயலிழந்தது, ஈரம் எங்கே இருந்தது என்று குறிப்பிடவும். கூடவே, நான் எந்தத் திரவமும் கொட்டவில்லை, உங்கள் முடிவை ஏற்கவில்லை என்று ஒரு வரி. ஜாப் ஷீட்டில் நீங்கள் லேப்டாப்பைக் கொடுத்தபோது என்ன எழுதினார்கள் என்றும் எடுத்துப் பாருங்கள். ‘ஆன் ஆகவில்லை’ என்று மட்டும் எழுதி, வெளியே கறை, ஈரம் எதுவும் குறிக்காமல் வாங்கி வைத்திருந்தால் அது உங்கள் பக்கம் பேசும்.

15 நாள் வாடகை மிரட்டலுக்காக அவசரப்பட்டு 34,000 கட்டிவிடாதீர்கள். கட்டினால் பழைய போர்டு அவர்கள் கைக்குப் போய்விடும், அதோடு உங்கள் சாட்சியும் போய்விடும். லேப்டாப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் நல்லது. எடுக்கும்போது பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லி போர்டின் எண், எஸ்எஸ்டியின் (ஃபைல்கள் பதிவாகும் பாகம்) எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். ‘திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்த தாளில் கையெழுத்து கேட்பார்கள். கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன், வாரண்டி மறுப்பை ஏற்கவில்லை’ என்று எழுதிவிட்டுப் போடுங்கள். எழுத விடமாட்டேன் என்றால் வெளியே வந்ததும் அதையே மின்னஞ்சலில் அடித்து அனுப்பிவிடுங்கள், நேரம் பதிவாகிவிடும். அதற்குப் பிறகு உள்ளூர் மொபைல் கடையில் கொடுத்துத் திறக்க வேண்டாம், யார் என்ன ஆசை காட்டினாலும் சரி.

சார்ஜர்தான் உங்கள் கேஸின் பலவீனமான இடம். அதை மறைக்காமல் எனக்கு எழுதினீர்கள், ஆணையத்திலும் மறைக்காதீர்கள். கம்பெனி இதுவரை சார்ஜரைப் பற்றிப் பேசவில்லை, ஆனால் வக்கீல் வைத்துப் பதில் போடும்போது நிச்சயம் பேசும். வாரண்டி விதியை எடுத்து வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். ‘வேறு நிறுவனத் துணைக்கருவியால் ஏற்படும் சேதம்’ என்று இருந்தால், அந்தச் சார்ஜரால்தான் போர்டு போனது என்று அவர்கள் காட்ட வேண்டும், வேறு சார்ஜர் போட்டதே குற்றம் ஆகிவிடாது. தண்ணீர் பட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு சார்ஜர்தான் காரணம் என்று மாற்றினால் அது அவர்களுக்கே இடிக்கும். காரணத்தை இப்போதே எழுத்தில் வாங்குங்கள் என்று நான் கத்துவது இதற்கும்தான்.

லேப்டாப் அடாப்டர்கள், அதாவது சார்ஜர்கள், பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) கட்டாயப் பதிவுக்குள் வருபவை. நீங்கள் வாங்கிய சார்ஜரில் ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள், ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் அதைப் போட்டால் உண்மையான எண்ணா என்று தெரிந்துவிடும். எண் சரியாக இருந்து, வோல்ட், வாட் அளவும் பழைய சார்ஜரோடு பொருந்தினால் கவலை குறைவு. எண்ணே இல்லை என்றால் எதிராளிக்கு நீங்களே கொடுத்த ஆயுதம் அது, கேஸ் தோற்கும் என்று இல்லை, ஆனால் சமரசத்தில் கொஞ்சம் இறங்கித்தான் வர வேண்டியிருக்கும். அப்புறம், செத்துப்போன அந்த முதல் சார்ஜர் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் பத்திரமாக வையுங்கள். பெட்டியோடு வந்த சார்ஜர் வாரண்டிக்குள்ளேயே சூடாகிச் செத்தது என்பதே ஒரு குறைபாடு, போர்டுக்கு வந்த கேடு அங்கேயே தொடங்கியிருக்கவும் கூடும். அப்போதே புகார் செய்திருந்தால் அந்தப் பதிவு இப்போது பொன்னாக இருந்திருக்கும். நம் ஊரில் சார்ஜர், மவுஸ், கீபோர்டு என்றால் ‘இதுக்கெல்லாமா கீழே இறங்கிப் போவது’ என்று விட்டுவிடுகிறோம்.

கடைக்காரரின் பில் வரிக்கு மதிப்பில்லை. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2(47) பிரிவில் நியாயமற்ற வணிக நடைமுறை என்றே எழுதியிருக்கிறது. பில்லில் கெடு எதுவும் இல்லை என்றால் 30 நாள் என்று அங்கே கணக்கு. உங்களுக்கு அந்த 30 நாள் எப்போதோ தாண்டிவிட்டது, அதனால் இதை மட்டும் நம்பிக் கேஸ் போட முடியாது, ஆனால் விற்றதோடு என் கடமை முடிந்தது என்று அவர் கை கழுவவும் முடியாது. கடை, சர்வீஸ் சென்டர், கம்பெனி மூவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள்.

எதிர்தரப்பு கிளப்பப் போகும் இன்னொரு வாதம், நீங்கள் லேப்டாப்பை வைத்துச் சம்பாதிக்கிறீர்கள், ஆகவே ‘நுகர்வோர்’ அல்ல என்பது. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று சட்டம் சொல்வது நிஜம். ஆனால் சுயதொழிலில், தன் பிழைப்புக்காகத் தானே பயன்படுத்த வாங்கினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று அதே 2(7) பிரிவில் விளக்கம் இருக்கிறது. லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது, எதிர்தரப்பு நம் கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம். தட்டச்சு மெஷின் வாங்கிப் பிறருக்கு டைப் அடித்துக் கொடுப்பவரையே அதில் உதாரணம் காட்டியிருக்கிறார்கள், உங்கள் நிலைமைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. புகாரில் ‘என் சொந்தப் பிழைப்புக்காக, நானே பயன்படுத்த வாங்கினேன், ஆள் வைத்து நடத்தும் நிறுவனம் அல்ல’ என்ற வாக்கியம் கட்டாயம் இருக்கட்டும்.

சிலர் ‘தயாரிப்பாளர் பொறுப்பு’ என்று புதுச் சட்டத்தில் வந்த அத்தியாயத்தைச் சேர்த்துக் கோடிக்கணக்கில் கேட்கச் சொல்வார்கள். வேண்டாம். அந்த அத்தியாயம் பொருளால் வேறு யாருக்கோ எதற்கோ கேடு வந்தால்தான் உதவும், பொருளுக்கே வந்த சேதத்தை அதன் வரையறை வெளியே தள்ளிவிட்டது. லேப்டாப் வெடித்துக் கை சுட்டிருந்தால் அது வேறு கதை. உங்களுடையது பொருளில் குறைபாடு, சேவையில் குறைபாடு, அவ்வளவே. 39ஆம் பிரிவில் இலவசப் பழுதுநீக்கம், அல்லது மாற்றுப் பொருள், அல்லது விலையைத் திருப்பித் தருவது, அதோடு இழப்பீடும் செலவும் கேளுங்கள். வேலை இழந்ததற்கும் பணம் வேண்டும் என்றால் வங்கிக் கணக்கு, ரத்தான ஆர்டர் மெசேஜ் போன்ற ஆதாரம் வேண்டும். அது இல்லாமல் இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று எழுதினால் உண்மையான கோரிக்கையும் சேர்ந்து மலிந்துவிடும்.

கேஸுக்கு முன் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். 700 ரூபாய் மவுஸ், போலி பென் டிரைவ் மாதிரி விஷயங்களுக்கு நான் அதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன், பல கம்பெனிகள் அங்கேயே இறங்கி வந்துவிடும். ஆன்லைனில் வாங்கியது என்றால் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகளில் இருக்கிறது, அந்தக் கெடுவைக் குறிப்பிட்டு எழுதினால் பதிலின் தொனியே மாறும். உங்கள் அளவுக்குப் பெரிய தொகை என்றால் 1915இல் சரியாகவில்லை என்றதும் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டுப் புகார் போடலாம். நோட்டீஸ் கட்டாயம் இல்லை, ஆனால் அனுப்புவது நல்லது.

பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். நீங்கள் பெண் என்பதால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவிக்கும் தகுதி உண்டு, 15100க்கு அழைத்துக் கேளுங்கள். ஆன்லைனில் தாக்கல் செய்ய ‘இ-தாக்கில்’ தளம் இருந்த இடத்தில் இப்போது இ-ஜாக்ரிதி தளம் இருக்கிறது. எதிர்தரப்பு 30 நாளில், மிஞ்சினால் இன்னும் 15 நாளில் பதில் தாக்கல் செய்தாக வேண்டும். தீர்ப்புக்கு மூன்று மாதம், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் கூடுதலாகவே ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பரிசோதனை என்றால் 38ஆம் பிரிவில் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, அதற்கான பணத்தை முதலில் உங்களிடம்தான் கட்டச் சொல்வார்கள். அந்த மனுவைப் புகாரோடு சேர்த்தே போடுங்கள், ‘ஸ்டிக்கர் சிவப்பு, ஆகவே கஸ்டமர் தப்பு’ என்பதை உடைக்க நடுநிலையான ஒருவர் போர்டைப் பார்த்துச் சொல்வதை விட வேறு வழி இல்லை. நடுவில் மத்தியஸ்தத்துக்கு ஆணையம் கேட்டால் சரி என்று சொல்லுங்கள், இப்படிப்பட்ட கேஸ்கள் அங்கே முடிவதில் எனக்கு வருத்தம் இல்லை. புகார் கொடுக்க வாரண்டி மறுத்த நாளிலிருந்து இரண்டு வருடம் இருக்கிறது, ஆனால் போட்டோவும் பில்லும் மங்குவதற்கு முன் போடுங்கள்.

ஃபைல்கள்: எந்த வாரண்டியும் டேட்டாவுக்குப் பொறுப்பேற்காது, அதற்குத் தனியாகக் கேஸ் நிற்காது. போர்டு செத்தாலும் எஸ்எஸ்டி தனியாகக் கழற்றும் வகையாக இருந்தால் உள்ளே இருப்பது அநேகமாகப் பத்திரமாகவே இருக்கும். லேப்டாப்பை எடுக்கப் போகும் அன்று சர்வீஸ் சென்டர் ஆளிடமே அதைக் கழற்றி யுஎஸ்பி வழியாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்துத் தரச் சொல்லுங்கள், கேட்கும் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள், கழற்றியது அவர்கள்தான் என்று ஜாப் ஷீட்டில் எழுதவும் சொல்லுங்கள். எஸ்எஸ்டி போர்டிலேயே ஒட்டி வந்த மாடல் என்றால் அங்கே யாரையும் தொட விடாமல் எனக்கு மாடல் எண்ணை எழுதுங்கள், பரிசோதனை மனுவில் அதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கும்.