டிராக் வாஷருக்கு எண்ணெயா, கிரீஸா, காய விட்டுவிடுவதா?

கேள்வி இதுதான்: கடற்கரையில் மீன்பிடிக்கப் போடும் 4000 அளவு ஸ்பின்னிங் ரீல். முன்பு வழவழவென்று ஓடிய டிராக் (மீன் இழுக்கும்போது லைனை அளவாக வழுக்கி விடும் அமைப்பு) இப்போது மீன் இழுக்கும்போது விட்டு விட்டுப் போகிறது. தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடலாமா? டிராக் வாஷர், அதாவது அதற்குள் உராயும் வட்டத் தட்டுகள், காய்ந்துதான் இருக்க வேண்டும் என்கிறார்களே, அது உண்மையா?

தையல் மிஷின் எண்ணெய் வேண்டாம். காய விடவும் வேண்டாம். டிராக்குக்கென்றே விற்கும் கிரீஸ் போடுங்கள். ஆனால் ரீலைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்துவிடுங்கள். பெயிலை (லைனைப் பிடித்துச் சுற்றும் வளைந்த கம்பி) திறந்து வைத்து, டிராக் இருக்கிற இறுக்கத்திலேயே லைனை நேராக ஸ்பூலிலிருந்து (லைன் சுற்றியிருக்கும் உருளை) கையால் இழுத்துப் பாருங்கள். லைன் சும்மா உருண்டு வராமல், ஸ்பூலே சுற்றும்படி விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் இழுக்க வேண்டும். அப்புறம் பெயிலை மூடி, அதன் முனையில் லைன் உருளும் சின்ன லைன் ரோலர் வழியாக இழுங்கள். முதல் இழுப்பு வழவழப்பாகவும் இரண்டாவது திக்கித் திக்கியும் வந்தால், குற்றவாளி டிராக் அல்ல, உப்பு ஏறி இறுகிப்போன லைன் ரோலர். கடல் ரீலில் இது அடிக்கடி நடக்கும். ரோலர் பேரிங்கைக் கழுவி எண்ணெய் விட்டால் போதும், டிராக்கைத் தொடவே வேண்டாம்.

இரண்டு இழுப்பும் திக்கினால் வாஷர்தான்.

'பிரேக்குக்கு யாராவது கிரீஸ் பூசுவார்களா' என்பது நியாயமான சந்தேகம். ஆனால் டிராக்கின் வேலை நிறுத்துவதல்ல, வழுக்குவது. நாம் ஓட்டும் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் கிளட்ச் பிளேட்டுகள் என்ஜின் ஆயிலில் முங்கியபடிதான் வேலை செய்கின்றன, அந்த மாதிரிதான் இதுவும். நிற்கும் வாஷரை அசைக்க வேண்டிய விசை, ஓடிக்கொண்டிருக்கும் வாஷரை மேலும் ஓட்டத் தேவையான விசையைவிடப் பொதுவாகக் கூடுதல். காய்ந்த வாஷரில் இந்த இடைவெளி பெரிது. அதனால் பிடிக்கும், சட்டென்று விடும், மறுபடி பிடிக்கும். சீலாவோ பாரையோ முதல் ஓட்டம் எடுக்கும் அந்த நொடியில்தான் லீடர் (லைன் முனையில் கட்டும் தனி நரம்பு) அறுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். நல்ல கிரீஸ் இந்த இடைவெளியைக் குறைக்கிறது. உச்ச டிராக் கொஞ்சம் குறையலாம், டிராக்கை இறுக்கும் குமிழை இன்னும் கால் திருகு இறுக்கினால் சரியாகிவிடும். உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து உலோக வாஷர் துருப்பிடிக்காமல் காப்பதும் இந்த கிரீஸ்தான்.

சாதாரண கிரீஸ், எண்ணெய் ஏன் கூடாது என்றால், சூடு. 4 கிலோ டிராக்கில் ஒரு மீன் 100 மீட்டர் லைனை இழுத்துக்கொண்டு போனால் சுமார் 4000 ஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. இந்த வெப்பம் முழுக்கத் தீப்பெட்டி அளவு இடத்துக்குள் இருக்கும் வாஷர்களிலும் ஸ்பூலிலும்தான் இறங்க வேண்டும். மெல்லிய எண்ணெய் அங்கே இளகிப் பிதுங்கி வெளியேறிவிடும். ஃபெல்ட் வாஷரில் அது பிசினாகி, மேற்பரப்பைக் கறுத்த கண்ணாடி மாதிரி ஆக்கிவிடும். டபிள்யூடி-40 இன்னும் மோசம், இருக்கிற கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். ஷிமானோவின் டிராக் கிரீஸ், கால்ஸ் டிராக் கிரீஸ் இரண்டும் பெயர் பெற்றவை. விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் ஒரு சின்ன டப்பா பல வருஷம் வரும்.

சரி, பிரிப்போம். முன்பக்க டிராக் ரீல் என்றால் குமிழைக் கழற்றி ஸ்பூலை எடுத்தால் போதும், ரீல் உடம்பைத் திறக்கத் தேவையில்லை. ஸ்பூலின் வாயில் வளைந்த கம்பி கிளிப் ஒன்று வாஷர்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதன் ஒரு முனையைச் சின்ன ஸ்குரூ டிரைவரால் நெம்பும்போது மற்ற முனையை விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். விட்டால் பறந்துபோய் மெத்தைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். பழைய வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, வரும் வரிசையிலேயே இடமிருந்து வலமாக வையுங்கள், ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். உலோக வாஷர்களில் இரண்டு ரகம் உண்டு. வெளிப்பக்கம் காது நீட்டியவை ஸ்பூலின் பள்ளத்தில் உட்கார்ந்து ஸ்பூலோடு சுற்றும். நடு ஓட்டை வட்டமாக இல்லாமல் பக்கம் தட்டையாக வெட்டப்பட்டவை தண்டோடு பிடித்துக்கொண்டு நிற்கும். இவை மாறி மாறி வர வேண்டும், ஒவ்வொரு இரண்டு உலோகத்துக்கும் நடுவில் ஒரு ஃபெல்ட் அல்லது கார்பன். இந்த வரிசை மாறினால் டிராக் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது, அல்லது பூட்டிக்கொள்ளும்.

இப்போது உங்கள் வாஷர் எந்த ரகம் என்று பாருங்கள். சாம்பலோ வெள்ளையோ நிறத்தில் கம்பளித் துணி மாதிரி மெத்தென்று இருந்தால் ஃபெல்ட். கறுப்பாக, நெசவுக் கட்டம் தெரியும்படி விறைப்பாக இருந்தால் கார்பன் ஃபைபர், பென் (Penn) ரீல்களில் HT-100 என்று போட்டிருப்பது இதுதான். ஃபெல்ட்டை விரலில் அழுத்திப் பாருங்கள். விரலில் லேசாகப் பளபளப்பு ஒட்டினால் உயிர் இருக்கிறது. நார் உதிர்ந்தாலோ, அமுங்கி அட்டைபோல் ஆகியிருந்தாலோ புதிது வாங்கிவிடுங்கள். அதைக் கழுவிக் காப்பாற்ற முயல்வது நேர விரயம்.

கழுவுவதற்கு இளஞ்சூடான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் போதும். பழைய கிரீஸ் விடாப்பிடியாக இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஃபெல்ட் ஒரு இரவு முழுக்கக் காய வேண்டும், ஈரத்தின் மேல் கிரீஸ் பூசினால் உட்கொள்ளாது. உலோக வாஷரில் துருப்புள்ளி இருந்தால் 1000 நம்பர் உப்புத்தாளைக் கண்ணாடி மேல் வைத்துத் தட்டையாகத் தேயுங்கள். விரலால் பிடித்துத் தேய்த்தால் ஒரு பக்கம் பள்ளமாகும், அந்தப் பள்ளமே மறுபடி திக்கலைக் கொண்டு வரும்.

கிரீஸின் அளவில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். ஃபெல்ட்டுக்குக் கொஞ்சம் தாராளமாகப் போட்டு, விரலால் இரண்டு பக்கமும் அழுத்தி உள்ளே இறக்கி, மேலே நிற்பதைத் துடைத்துவிட வேண்டும். கார்பனுக்கு இரண்டு பக்கமும் தடவிவிட்டு, நெசவுக் குழிகளில் மட்டும் தங்கும்படி வழித்தெடுங்கள், பார்த்தால் ஈரமாக மின்ன வேண்டும், வெள்ளையாகத் தெரியக் கூடாது. உலோகத்துக்குத் தனியாகப் பூச வேண்டாம், ஒட்டிக்கொள்வதே போதும். மிச்சம் இருக்கிறதே என்று ரோட்டருக்கு (பெயிலைத் தாங்கிச் சுற்றும் பாகம்) அடியில் உள்ள ஒருவழி ரோலர் பேரிங்கில் மட்டும் இதைத் தடவிவிடாதீர்கள். அது கெட்டியான கிரீஸில் வழுக்கி, ஹூக் அடிக்கும்போது (மீன் வாயில் தூண்டில் ஏறச் சுண்டும்போது) கைப்பிடி பின்னோக்கிச் சுற்றும்.

மாட்டிய பிறகு, லைன் முனையைத் தொங்கு தராசில் கட்டி இழுத்துப் பாருங்கள். லைனின் அறுபடும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வையுங்கள். 30 பவுண்டு லைன் என்றால் சுமார் 3.5 முதல் 4.5 கிலோ. கூடுதலாக வைக்கக் கை துறுதுறுக்கும், வேண்டாம். ஸ்பூலில் லைன் குறையக் குறைய அதே டிராக் கனக்கும். 50 மி.மீ. விட்டத்தில் 4 கிலோ காட்டியது, 35 மி.மீ.க்கு இறங்கும்போது 5.7 கிலோ ஆகிவிடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கணக்குச் சொல்ல முடியாது. அலையில் நனைந்தாலோ மணலில் விழுந்தாலோ அன்றே பிரித்துப் பாருங்கள், மற்றபடி சீசனுக்கு ஒருமுறை போதும். வீட்டுக்கு வந்ததும் குமிழை நன்றாக இறுக்கிவிட்டு மெல்லிய நீர்த்தூவலில் கழுவுங்கள், குழாயைப் பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளேதான் போகும். நிழலில் காய்ந்ததும் டிராக்கை முழுக்கத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியபடியே மாதக்கணக்கில் கிடந்தால் ஃபெல்ட் அமுங்கிப் போகும்.

குமிழுக்குப் பதில் நெம்புகோலால் டிராக்கை மாற்றும் லீவர் டிராக் ரீல் வைத்திருக்கும் நண்பர்களுக்கு: இதில் எதையும் அப்படியே அங்கே செய்யாதீர்கள். அதில் பெரும்பாலும் ஒரே பெரிய வாஷர், சில மாடல்களில் காய்ந்தே ஓடும்படி வடிவமைத்திருப்பார்கள். கையேட்டைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.