வக்கீல் வேண்டாம், ரசீது போதும்

கேள்வி: சர்க்கரை நோயை மறைத்ததாக அம்மாவின் மெடிக்ளெய்மை நிராகரித்துவிட்டார்கள். பாலிசி 6 வருடமாக விடாமல் ஓடுகிறது. இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போக வக்கீல் வேண்டுமா?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: வக்கீலுக்கு அங்கே இடமில்லை, கட்டணமும் கிடையாது. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்தது திருப்தியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் ஆம்பட்ஸ்மேனின் தானே அலுவலகத்துக்கோ ஆன்லைனிலோ மனு செய்யலாம். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போய்விட்டால் இங்கே ஏற்க மாட்டார்கள். பலர் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்வது இதில்தான்.

உங்கள் துருப்புச்சீட்டு அந்த 6 வருடம். தொடர்ந்து 60 மாதம் முடிந்த பாலிசியில், மோசடி நிரூபணமானால் ஒழிய, 'மறைத்தார்' என்று க்ளெய்மை மறுக்க முடியாது. எனவே எல்லா ஆண்டின் புதுப்பிப்பு ரசீதுகளையும் இணையுங்கள். இடையில் காப்பீட்டுத் தொகையைக் கூட்டியிருந்தால், கூட்டிய பகுதிக்கு 60 மாதம் தனியாக எண்ணப்படும்.